பக்கத்து சீட்டில் ஆள் இருந்தார்

எங்கள் ஊரில் ஒரு பெண் கார் ஓட்டப் பழகினால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அதனால் நான் பழகியதற்குச் சாட்சிகளுக்குக் குறைவில்லை.

ஐயா, போன வாரம் நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் விசாரிக்க மதுரையிலிருந்து வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வண்டி மோதியபோது என் பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இருந்தாரா, இல்லையா. இருந்தார், டிரைவர் மலைச்சாமி அண்ணாச்சி இருந்தார் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டீர்கள். டீக்கடை இருளப்பசாமி உங்களிடம், காருக்குள் ஒரு பொம்பளைத் தலை மட்டும்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். அதை விளக்க வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போலீசார் கவனக்குறைவு என்று கேஸ் போட்டு என்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். எழுத நேரம் இருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் ராஜபாளையத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் ராஜரத்தினம் சார் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஏழு வருஷமாக விபத்துப் படிவங்களைப் பூர்த்தி செய்வது என் வேலை. யார், எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, எந்த உறுப்பு. அச்சடித்த கேள்விக்கு நேராக எழுதிக்கொண்டே போக வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வேலையில்தான் பழகுகிறவர்களுக்கான விதியைத் தெரிந்துகொண்டேன். தளவாய்புரத்துக்காரர் ஒருவர் மைத்துனரின் வேனை இரவல் வாங்கிப் பழகும்போது, ரோட்டோரம் ஆடு பத்திக்கொண்டு போனவர்மேல் ஏற்றிவிட்டார். எல்.எல்.ஆர். இருந்தது. எல் போர்டு முன்னால் இருந்தது, பின்னால் இல்லை. பக்கத்தில் யாருமே இல்லை. கம்பெனி கையை விரித்துவிட்டது. செத்தவரின் மனைவி பரிபூரணம் ஒரு வருஷம் எங்கள் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதனைக் கொல்வதை விட, அவன் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காதபடி கொல்வதுதான் பெரிய பாவம் என்று அப்போது எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

என் அக்கா பெத்தம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதில் எங்கள் அம்மா சுந்தரபாண்டியத்தில் இறந்துபோனாள். அக்காவுக்கு அப்போது பதினைந்து. அன்றிலிருந்து எனக்குத் தலைவாரிவிட்டது அவள்தான். அவள் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே அறை உள்ள லைன் வீடு. நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான்.

அவள் கணவர் வேல்சாமி, பஞ்சு மில்லில் பிட்டர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். குடிப்பார். குடித்தால் அடிப்பார். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவார். ஒரு தடவை பித்தளைக் குடத்தைத் தூக்கி அடித்ததில் அக்காவின் இடது மணிக்கட்டு ஒடிந்து எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் சேலைக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவர் தூங்கிய பிறகு அக்கா என் பக்கம் வந்து, என் முதுகில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். என் ரவிக்கை நனைந்துவிடும். நான் அசையாமல் இருப்பேன்.

பிறகு அவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டார். ஒரு வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை, அவள்மேல் கை வைக்கவும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமில்லாதவள் ஆகிவிடுவேன். ஆனால் படிவங்களை எழுதி எழுதி எனக்கு ஒன்று தெரியும். ஒரு தடவை மோதிய வண்டி மறுபடியும் மோதும். அவர் மறுபடியும் குடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சோதித்துப் பார்க்க, கைவலிக்குத் தடவ வேண்டும் என்று சொல்லி ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கிவரச் செய்து அவர் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு வாசல் சாக்கடையில் ஊற்றினார். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். சேலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கம் வந்து படுத்து வெகுநாளாகியிருந்தது.

ஆகஸ்டு மாதம் அத்தானுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பேசினார்கள். தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அக்கா அதை என்னிடம் சொன்னபோது என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா தனி வீடு தாராங்களாம் சீனி. தண்ணிக் கொழா உள்ளயே இருக்காம்."

"நான்?"

"ஒனக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சிட்டுத்தான் போவணும்னு ஒங்க அத்தானும் சொல்லுதாரு. எம்புட்டு நாளைக்குட்டி எங்க காலடியிலயே கெடப்ப?"

அவள் அதைச் செல்லமாகத்தான் சொன்னாள். அந்த ஊரில், தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில், அவர் மறுபடியும் அடித்தால் அவள் யாருடைய முதுகில் முகத்தை வைப்பாள் என்று நான் யோசித்தேன். அவளுக்காகத்தான் யோசித்தேன்.

கார் வாய்ப்பாக அமைந்தது. ராஜரத்தினம் சாரின் மனைவி ஞானபாக்கியம் அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்கள் வீட்டு டிரைவர் மலைச்சாமி அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. ஒரு பெண் வண்டி ஓட்டினால் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர வசதி என்று அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். நான் பழகுகிறேன் என்றேன். நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அவர்களுக்கு ஆச்சரியம். சார் தன் வெள்ளை மாருதியைத் தருவதற்கு ஒத்துக்கொண்டார். 'என் அனுமதியோடு என் வண்டியை ஓட்டிப் பழகுகிறாள்' என்று தேதி போட்டு அவரிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கினேன். இரவல் வண்டிக்கு அது இருந்தால் நல்லது. "ஏட்டி, என்கிட்டயே ஆதாரம் கேக்கியா? நல்லா தேறிட்ட" என்று சார் சிரித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசில் செப்டம்பர் மூன்றாம் தேதி எல்.எல்.ஆர். வாங்கினேன். பாலிசி அக்டோபர் கடைசி வரை உயிரோடு இருந்தது. அண்ணாச்சியின் லைசென்சை வாங்கித் தேதி பார்த்தேன், இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வண்டிக்குள் இருப்பவருக்கு அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடையாது, ரோட்டில் இருப்பவருக்குத்தான் உண்டு. ஆகவே அத்தான் ரோட்டில் இருக்க வேண்டும், அண்ணாச்சி சீட்டில் இருக்க வேண்டும்.

எல் போர்டு இரண்டையும் எழுதிக் கொடுத்தது அத்தான். மில்லிலிருந்து தகரம் வெட்டி எடுத்துவந்து, வெள்ளை அடித்து, அளவுகோல் வைத்துச் சிவப்பில் எழுதினார். அவருக்குக் கை சுத்தம்.

"ரெண்டு எதுக்குட்டி? முன்னால ஒண்ணு போதாதா?"

"பின்னாலயும் வேணும் அத்தான். சட்டம்."

"சரிதான். இதப் பாத்தாவது ஊர்ச்சனம் ஒதுங்கிக்கிடும்லா" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏ பெத்து, ஒன் தங்கச்சி வண்டிய எடுத்தா நான் வயக்காட்டுக்குள்ள எறங்கி நடந்துருவேன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் கண்மாய்க்கரை ரோட்டில் பழகினோம். முதல் பத்து நாள் எனக்கு ஓட்டத் தெரியவில்லை. அடுத்த முப்பது நாள் தெரியாததுபோல ஓட்டினேன். இரண்டாவதுதான் சிரமம். வண்டி குதித்துக் குதித்து நிற்கும். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பேன். இருளப்பசாமியின் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று, "ஏலே, காலைத் தூக்கிக்கிடுங்கலே, டிரைவரம்மா வாராக" என்பார்கள். அண்ணாச்சி ஒருநாளும் கோபப்பட்டதில்லை. வலது கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்திருப்பார். அந்தக் கை என்னை நாற்பது நாளும் காப்பாற்றியது. மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரையும் காப்பாற்றியது. அந்தக் கையை ஒரு நிமிஷம் அப்புறப்படுத்துவது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

விடை ஆயுத பூஜையன்று கிடைத்தது. சார் குடும்பம் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் வருஷாவருஷம் அண்ணாச்சி காருக்குப் பூஜை போடுவார். சார் அன்றைக்கு மட்டும் மாடிக்குப் போய்விடுவார். அண்ணாச்சி பானெட்டில் சந்தனம் பூசி, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, எல் போர்டுக்குக்கூடக் குங்குமம் வைத்தார். பிறகு பொரிகடலையை ஒரு தினமலர் தாளில் மடித்துக் காருக்குள் வைத்தார். பூஜை முடிந்து நான் வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு பொரி என் கையிலிருந்து தரையில் விழுந்தது. அவர் பதறிப்போய்க் குனிந்து பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். "சாமிப் பொரி தாயி, கால் படப்படாது" என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் விஜயதசமி. அத்தானும் அக்காவும் அதற்கடுத்த நாள் காலை திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தது. எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அத்தான் மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு, வரும் வழியில் ஒரு பெரிய தகரப் பெட்டி வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார் என்று அக்கா சொல்லியிருந்தாள். பெட்டி பெரிது என்பதால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவார். கண்மாய்க்கரை வழி. ஓடைப்பாலத்தில் ஒரு பக்கம் இடுப்புயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். நாலு மணி, நல்ல வெளிச்சம்.

டீக்கடையைத் தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மடியிலிருந்த பொரிப் பொட்டலத்தை அண்ணாச்சியிடம் நீட்டி, "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கை வருவதற்குள் கவிழ்த்தேன். அவ்வளவும் அவர் காலடியில் கொட்டியது.

"ஏ தாயி, மெல்லப் போ, மெல்லப் போ. பொறுக்கிக்கிடுதேன்." இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி மடித்துக்கொண்டு, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு கையாலும் பொறுக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் டீக்கடையைத் தாண்டினோம். ஒரு பொம்பளைத் தலை மட்டும் தெரிந்தது என்று இருளப்பசாமி சொன்னது அதனால்தான், ஐயா. அண்ணாச்சி சீட்டில் இருந்தார். குனிந்து இருந்தார். விதியில் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று இல்லை.

அத்தான் பாலத்தில் என்னைப் பார்த்தார். சிரித்தார். சைக்கிளைச் சுவரோடு ஒதுக்கி நிறுத்திவிட்டு, எனக்கு வழிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

பெட்டி நசுங்கிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அவர் தொடைகள் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தன. இடுப்புக்கு மேலே பானெட்டில் கவிழ்ந்திருந்தார். காய்ந்த சந்தனத்தில் அவருடைய பத்து விரலும் கோடு இழுத்தன. அவர் என்னைத் திட்டவில்லை. நான் பயந்துபோய்விட்டேன் என்று நினைத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, நிதானமாக, பாடம் சொல்வதுபோல, "சீனி, பிரேக்க மிதிட்டி. பிரேக்க மிதி" என்றார்.

நான் ரிவர்ஸ் போட்டேன். அவர் வழுக்கி, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தார். ஒரு கால் முன்னால் திரும்ப வேண்டியது பின்னால் திரும்பியிருந்தது. முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். துள்ளாமல், உறுமாமல், அவ்வளவு மென்மையாக வண்டி நகர்ந்தது அதுவே முதல் தடவை. வேறு நேரமாக இருந்தால் அண்ணாச்சி பாராட்டியிருப்பார். இந்தத் தடவை பம்பர் அவர் மார்பு உயரத்தில் இருந்தது. பின்தலை சுவரில் பட்டது. கொஞ்சம்தான் சத்தம். பழைய நாட்களில் அக்காவின் தலை சுவரில் மோதும்போது கேட்ட அதே சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு கணக்கு இருந்தது.

அண்ணாச்சியின் கை ஹேண்ட்பிரேக்குக்கு வந்தபோது வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. அவர் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். டீக்கடைக்காரர்கள் அவரைப் பார்த்தது அப்போதுதான். பின்னாலிருந்து ஓடிவந்ததாக அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இரண்டு தடவை மோதியது ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் அழுதேன். பழகுகிறவள் பதற்றத்தில் எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல் மிதிப்பாள் என்பதற்கு டீக்கடையே சாட்சி சொன்னது.

ஆனால் பொரி பொறுக்கினேன் என்று அண்ணாச்சி சொன்னதை யாரும் நம்பவில்லை. "ஏலே, பீடி வாங்க எறங்கிப் போயிட்டுப் பொரி பொறுக்குன கத சொல்லுதியா?" என்று ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்து அடித்தார்கள். அவருக்கு வலித்தது அடி இல்லை. நாலாவது நாள் வீட்டில் அம்மிக்கல்லின் மேல் தன் வலது கையை வைத்து, ஜாக்கி ராடால் அவரே அடித்துக்கொண்டார். மூன்று அடி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நான் ரொட்டியும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய. அது பயந்துபோச்சு. நான்தான் பிரேக்கப் பிடிக்காம விட்டுட்டேன்" என்று அவர்தான் தடுத்தார். அவர் வண்டிக்குள் இருந்தவர். அவருக்கு எந்தப் படிவமும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

அவர் சொன்னது உண்மை என்பதற்கு ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. போலீஸ் போட்டோகிராபர் எடுத்த இரண்டாவது படத்தைப் பாருங்கள். அண்ணாச்சி காரை ஒட்டி நிற்பார். இரண்டு கையும் மூடியிருக்கும். சவத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் எதற்குக் கையை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்? உள்ளே பொரி. அந்த நேரத்திலும் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பொரி தானாகக் கொட்டவில்லை, நான் கொட்டினேன் என்று இப்போது எழுதிக் கொடுக்கிறேன். எல்.எல்.ஆர். இருந்தது. போர்டு இரண்டு பக்கமும் இருந்தது. சொந்தக்காரரின் அனுமதி இருந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தார். வேண்டுமென்று மோதினால் ரோட்டில் இருந்தவருக்குக் கிடையாது என்று பாலிசியில் நான் தேடியவரை எங்கும் இல்லை. ஆகவே கம்பெனி மறுக்க முடியாது.

அக்காவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போர்டு, பொரி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும், "அவரு ஒனக்கு என்னட்டி செஞ்சாரு?" என்று கேட்டாள். ஒனக்கு என்றாள். அவளுக்குச் செய்ததை அவளே மறந்துவிட்டாள். அதைத்தான் நான் தாங்கிக்கொள்ள முடியாமல் இருந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் நசுங்கிய தகரப் பெட்டியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, துணிகளை அதில் அடுக்கிக்கொண்டு, தனியாகத் திருப்பூருக்குப் போய்விட்டாள். அத்தானுக்குப் பேசியிருந்த கம்பெனியிலேயே அவளை எடுத்துக்கொண்டார்களாம். விலாசம் தரவில்லை. நான்கு மாதம் ஆகிறது. நடுவில் தொங்கிய சேலையை நான் அவிழ்த்துவிட்டேன். அறை பெரிதாக இருக்கிறது.

இழப்பீட்டு மனுவை நானே பூர்த்தி செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பிழை இருக்காது. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி வைத்திருக்கிறேன். வேறு யாரும் அவளுக்காகப் போட முடியாது, அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் நான் முதலிலிருந்தே விதிகளைக் கவனித்துத்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

இதைப் படித்த பிறகு நீங்கள் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. அக்கா கையெழுத்துப் போட வருகிற அன்றைக்கு மட்டும் நான் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து களைத்திருப்பாள். ராத்திரி தங்கிவிட்டுத்தான் போவாள்.